ஒரே ஒரு காலியிடம்

"ஏலே சுஜின், ஒரே ஒரு நாளைக்கு எனக்கு ஒரு கம்பெனி வேணும்லே" என்றார் ஜோசப்ராஜ்.

தாராவியில் தோல் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். சுஜினுக்குச் சித்தப்பா. மாட்டுங்காவில் மாலை நேர வகுப்பில் சுஜின் எச்.ஆர். டிப்ளமோ படிப்பதே அவர் தயவில்தான். அதனால், எதற்குக் கம்பெனி என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

சித்தியின் பெயரில் 'ஏஞ்சலம்மாள் இன்டர்நேஷனல்' பிறந்தது. வேலைவாய்ப்பு இணையதளத்தில் விளம்பரம் போட, சுஜின் தன் பெயரையும் தன் போன் நம்பரையும் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் உறைத்தது. ஏதாவது ஒன்று என்றால் போலீஸ் முதலில் தேடி வரப்போவது அவனைத்தான்.

"என்ன வேலைன்னு போடட்டும், சித்தப்பா?"

"வேலை கெடக்கட்டும். ஆளைச் சொல்லுதேன், எழுது. வயசு இருபத்தொம்பது. கப்பல் சரக்கு கம்பெனில சூப்பர்வைசர். வீடு முலுண்ட்ல இருக்கணும்."

"அப்படிப் பாத்தா மும்பைக்கே ஒருத்தன்தான் தேறுவான்."

"ஒருத்தன் போதும்லே."

முதலில் வேலை என்ன என்று எழுது, பிறகு ஆளைத் தேடு என்றுதான் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். இங்கே ஆளைக் குறி வைத்துவிட்டு வேலையைத் தேடுகிறார்கள். இது ஆள் எடுப்பதா, ஆளைத் தூக்குவதா?

விண்ணப்பங்கள் வந்து கொட்டின. சித்தப்பா போட்டோக்களை விரலால் தள்ளிக்கொண்டே போனார். "இவன் இல்ல... இவனும் இல்ல..." விரல் நின்றது. "மாட்டிக்கிட்டான்!"

கிறிஸ்டோ என்று பெயர். சிரித்த முகம். பாவமாக இருந்தது.

"சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாம் ஒரிஜினலாக் கேளு. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேளு."

"ரத்தமா? அது எதுக்கு?"

"உள்ள என்ன கண்டிஷன்னு பாக்க வேண்டாமா? பின்னாடி வம்பு, லஃப்டான்னு ஆயிரும்லா."

உள்ளே. சுஜினின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. கிட்னி!

அவசரப்படுகிறோமோ என்று தன்னையே சந்தேகப்பட்டான். ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தான். இன்டர்வியூ எங்கே? செம்பூரில், சித்தப்பாவின் சிநேகிதர் உதுமான் பாயின் பல் கிளினிக்கில். எப்போது? கிளினிக் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா எப்படி வருகிறார்? முகத்தில் மாஸ்க், பெயர் 'மிஸ்டர் மேத்தா'.

சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை.

அன்று மாலை சித்தப்பாவின் மகள் ஆனி போனை நீட்டினாள். "தேக்கோனா, இங்க பாரு அண்ணா, எனக்கும் இன்டர்வியூ வந்திருக்கு! முலுண்ட்ல. ரத்த டெஸ்ட்டும் முழு சைஸ் போட்டோவும் கேக்காங்க. நர்சிங் ஹோம் மாடியில நடக்குதாம்."

சுஜின் போனைப் பிடுங்கினான். "போகாத ஆனி. சத்தியமா ஃபிராடு."

சித்தப்பா எட்டிப் பார்த்துக் கொதித்தார். "பொம்பளப் பிள்ளைகிட்ட ரத்தம் கேக்கானுவளா? திருட்டுப் பயலுவ! மனுசனுவளா இவனுவ? அந்தப் பக்கம் போனே, காலை ஒடிச்சிருவேன்!"

சுஜின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு நடிப்பை அவன் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கொயர் பிராக்டிஸ் என்று ஆனி நழுவிவிட்டாள். சித்தப்பா, சித்தி, சுஜின் மூவரும் செம்பூர் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே இருந்த இரண்டு ஸ்டூல்களும் சித்தப்பாவுக்கும் சித்திக்குமே சரியாகப் போயின. ஆகவே கிறிஸ்டோவைப் பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது மெல்லப் பின்னால் சாய்ந்தது. அவன் படுத்தபடியே "குட் மார்னிங் சார்" என்றான்.

சித்தி மேலேயிருந்த விளக்கைப் போட்டு, அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். "தம்பி, குடிக்கிற பழக்கம் உண்டா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஈரல் நல்லாத்தான் இருக்கும்" என்றார் மிஸ்டர் மேத்தா, சொந்த ஊரான நாசரேத்தின் சுத்தமான தமிழில். "கூடப் பொறந்தவங்க?"

"யாருமில்ல சார். ஒரே பையன்."

சித்தியும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அதற்கு மேல் சுஜினால் தாங்க முடியவில்லை. "சார், எந்திரிச்சு ஓடிருங்க! இது கம்பெனியே இல்ல. உங்க கிட்னிக்காகத்தான் கூப்பிட்டிருக்காங்க!"

கிறிஸ்டோ பதறி எழப் பார்த்தான். நாற்காலி விடவில்லை.

"ஏலே கிறுக்கா!" சித்தப்பா மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தார். "கிட்னியா? நம்ம ஆனிக்கு வந்த மாப்பிள்ளைலே இது! தரகர்கிட்ட கேட்டா கூட்டிச் சொல்லுதாரு. பக்கத்து வீட்ல கேட்டா மழுப்புதாங்க. வேலை தாரேன்னு சொன்னாத்தான் மனுசன் ஒரிஜினலை எடுத்து நீட்டுதான். சுகர் இருக்கான்னு பாக்கத்தாம்லே ரத்தம் கேட்டேன்!"

விளக்கு வெளிச்சத்தில் கிறிஸ்டோவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் சித்தப்பாவின் போன் அடித்தது. ஆனி. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, திட்டாதீங்க. அந்த முலுண்ட் இன்டர்வியூவுக்குத்தான் வந்தேன். ரத்த ரிப்போர்ட்டைப் பாத்ததும் பக்கா செலக்ட்னு சொல்லிட்டாங்க! ஒண்ணே ஒண்ணுதான் புரியல..."

"என்னது?"

"எம்.டி.யை மேடம்னு கூப்பிடக் கூடாதாம்பா, அத்தைன்னுதான் கூப்பிடணுமாம்."