நாக்கைத் தொடாத தேன்

மத்தியான வெயில் கட்டில் கம்பியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கென்றே வரும் ஃபார்முலா பவுடரைக் கரைத்து எடுத்து வந்த மனைவி அறை வாசலில் அப்படியே நிற்கிறாள். உள்ளே அவள் நாத்தனார், தன் அண்ணனின் மூக்குக் குழாயில் தேன் கலந்த பாலைச் சிரிஞ்சால் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். மூன்று நாளாக அவன் ரத்தச் சர்க்கரை நானூற்றுக்குக் கீழே இறங்காததற்கு மனைவி இந்தப் பவுடரைத்தான் திட்டித் தீர்த்திருந்தாள். கையிலிருந்த டம்ளர் பறக்கிறது. சுவரெல்லாம் வெள்ளை வழிகிறது. பாய்ந்துபோய்ச் சிரிஞ்சைப் பிடுங்கி, பளாரென்று ஓர் அறை விடுகிறாள். “அண்ணனுக்கு இனிப்புன்னா உயிராச்சே அண்ணி, வாய்க்கு ருசியா...” “வாயி எங்கடி இருக்கு இதுல? நேரா வயித்துக்கில்ல போகுது.” கட்டிலில் அவன் திமிறுகிறான். குழாயைப் பிடுங்காமலிருக்கத் துணியால் கட்டிய கைகள் கம்பியை உலுக்குகின்றன. தேன் பாட்டிலை உடைக்க ஓங்கியவளின் கை, அவனுடைய வறண்ட உதடுகளைக் கண்டதும் தாழ்கிறது. மூடியில் ஒட்டியிருந்த ஒரு துளியை விரலில் தொட்டு அவன் நாக்கில் தடவுகிறாள். நான்கு மாதமாக ருசியே அறியாத வாய் அந்த விரலைக் கவ்விக் கடிக்கிறது. ரத்தம் கசிகிறது. அவள் விரலை எடுக்கவில்லை.