பூஜ்ஜியம் எழுதிய மதியம்

"பழசு ஒண்ணுகூட இருக்கக் கூடாது, தம்பி. தோண்டித் துருவினாலும் கிடைக்கக் கூடாது."

அந்த அம்மாள் துணிப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன் மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினான். திரை பாஸ்வேர்ட் கேட்டது.

"பாஸ்வேர்ட் என்னம்மா?"

"தெரியாது. எங்க வீட்டுப் பொண்ணோடது. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போறாங்க. அதுக்குள்ள முடிஞ்சிடுமா?"

"முடியும். ஆனா பாஸ்வேர்ட் தெரியாம வந்தா பில் கேக்கறது இந்தக் கடை வழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் பில்லைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதில் அவள் மகன் பெயர் இருந்தது. கடைக்காரன் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மணி பன்னிரண்டேகால்.

ஒரு பென்டிரைவைச் செருகி மறுபடி பொத்தானை அழுத்தினான். இந்தத் தடவை திரை எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது.

"லினக்ஸ்மா, கம்ப்யூட்டரை ஓட்டற சாஃப்ட்வேர். பழசை அழிச்சுட்டு இதைத்தான் போடப் போறேன். முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து எழுதி ஊருக்கே சும்மா கொடுத்தது. லைசென்ஸ் கிடையாது, வேவு பாக்கறது கிடையாது. காசு கொடுத்து வாங்கினது சொன்ன பேச்சு கேக்காது. ஓசியில வந்தது வாலாட்டும்."

திரையில் வரிசையாக ஃபோல்டர்கள் தெரிந்தன.

"பாஸ்வேர்ட் இல்லாம எப்படி உள்ள போன?"

"வாசக்கதவுக்குத்தான் பூட்டு. நான் கொல்லைப்பக்கமா வந்துட்டேன்."

"அப்போ யார் வேணும்னாலும் வரலாமா?"

"வேலை தெரிஞ்சவன் வரலாம்."

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்க 'தினம்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும்மா. தேதி போட்டு எழுதியிருக்காங்க. ரெண்டு வருஷமா ஒரு நாள் விடல. கடைசியா போன வெள்ளிக்கிழமை."

"படிச்சியா?"

"ஐயோ, இல்லம்மா. ஃபைல் பேரைத் தாண்டி ஒரு எழுத்துகூடப் பாக்க மாட்டேன். பத்து வருஷமா அப்படித்தான். இதை மட்டும் ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தரட்டுமா? பாவம், இவ்வளவு எழுதியிருக்காங்க."

"வேண்டாம்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே. அப்புறம் என்னைத் திட்டப் போறாங்க."

"திட்ட மாட்டா. அவளுக்கு இதெல்லாம் இனிமே தேவைப்படாது." அவள் குரல் தணிந்தது. "பொம்பளப் பிள்ளை, தம்பி. மனசுல பட்டதையெல்லாம் கொட்டி வச்சிருக்கும். அதை மூணாம் மனுஷன் படிச்சா குடும்ப மானம் என்ன ஆகும்?"

அந்தக் கடைசிக் கேள்வி கடைக்காரனைத் தொட்டுவிட்டது. அவனுக்கும் ஒரு தங்கை இருந்தாள்.

"சரிம்மா. ஆனா ஒண்ணு. மேலோட்டமா அழிச்சுட்டு லினக்ஸைப் போட்டா, பழசு அடியில கிடக்கும். கில்லாடி எவனாவது தோண்டிடுவான். முழு டிஸ்க்லயும் பூஜ்ஜியமா எழுதிட்டா அந்தப் பேச்சே இல்லை. ரெண்டு மணி நேரம் ஆகும். அவசரம்னா வேண்டாம்."

"எழுது."

"ஒருதரம் எழுதிட்டா பிரம்மாவே வந்தாலும் திருப்பித் தர முடியாது."

"எழுதுன்னு சொல்றேன்ல."

கடைக்காரன் ஒரு வரி தட்டினான். திரையின் மூலையில் ஓர் எண் ஏறத் தொடங்கியது. இரண்டு சதவீதம். மூன்று. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தாள். டீ வரவழைத்துக் கொடுத்தான். அது ஆடை கட்டி ஆறிப்போனது.

அறுபத்தெட்டு வந்தபோது அவளுடைய போன் அடித்தது.

"எங்கம்மா போன? அவங்க முன்னாடியே வந்தாலும் வருவாங்களாம்." மகனின் குரல் வெளியே கேட்கும் அளவுக்குப் பதறியது.

"வந்தா உட்காரச் சொல்லு. நீ வாயே திறக்காத. நான் வந்து பேசிக்கிறேன்."

"பேரம் பேசறதுல அம்மாக்களை அடிச்சுக்க ஆளில்லை," என்றான் கடைக்காரன். "அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க, அசராதீங்க."

அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

நூறு வந்தது. பிறகு லினக்ஸ் ஏறியது. நீல நிறத்தில் ஒரு திரை வந்து நின்றது. துடைத்த பலகைபோல் இருந்தது. 'தினம்' இருந்த இடத்தை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"புது பாஸ்வேர்ட் என்ன வைக்கட்டும்?"

"வேண்டாம். வர்றவங்க சிரமப்படாம திறக்கட்டும்."

"நல்ல மனசு உங்களுக்கு," என்றான் அவன். சார்ஜர் ஒயரைச் சுற்றி, ரப்பர் போட்டு, பைக்குள் பத்திரமாக வைத்துக்கொடுத்தான்.

அவள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியபோது நாலடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. கூடத்தில் வேர்த்து விறுவிறுத்து நின்ற மகனை ஒரு பார்வையில் உட்கார வைத்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு லேப்டாப்பை இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டினாள்.

"பூட்டெல்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் மருமக ஏன் இப்படி உயிரை மாய்ச்சுக்கிட்டான்னு எங்களுக்கே தெரியல, இன்ஸ்பெக்டர் சார். அதுல ஏதாவது எழுதி வச்சிருப்பா, நல்லாத் தேடிப் பாருங்க."