சிடியில இருக்கு

"எப்பாடுபட்டாச்சும் எங்க கல்யாணத்தக் காப்பாத்திக் குடுத்துருங்க பாய்."

செபஸ்தியான் கும்பிடாத குறையாகச் சொன்னதும் சேக் பரீது நிமிர்ந்து பார்த்தார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய கேசட், சிடிகளை டிவிடியாக மாற்றித் தரும் கடை அவருடையது. மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கிற மனிதர், இத்தனை வருடம் கழித்தும் கல்யாண சிடிக்காக இப்படி உருகுகிறாரே என்று பாய்க்கு மனசு இளகிவிட்டது.

உருக்கமாவது ஒன்றாவது! செபஸ்தியானுக்கு வேண்டியதெல்லாம் சாட்சி.

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை மைக் பிடித்து நன்றி சொல்வது அவர்கள் பக்கத்து வழக்கம். மைக் என்றாலே செபஸ்தியானுக்குப் பயம். என்ன பேசினோம், எப்படிக் கீழே இறங்கினோம் என்று அன்றைக்கே அவருக்கு நினைவில்லை.

அந்த மறதியை மனைவி பிரிஸ்கில்லா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் வாங்கி வந்த கறிப்பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறி நான்தான் சமைப்பேன் என்று ஊரறிய மைக்கில் சொன்னீர்களே, மறந்து போச்சா என்றாள். புது மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார்.

நானா அப்படிச் சொன்னேன் என்று கேட்கும்போதெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான்.

"சிடியில இருக்கு."

சிடி வந்த புதிதில் வீட்டில் பிளேயர் இல்லை. ஒருவழியாகப் பிளேயர் வாங்கியபோது சிடி கொல்லையில் கொய்யா மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கிளி விரட்ட. கட்டித் தொங்கவிட்டது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? அவிழ்த்துக் கொண்டுவந்து போட்டால், கரகரவென்று சுற்றிவிட்டுப் படம் வராமல் நின்றுபோனது.

அப்புறமென்ன, இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிறு தவறாமல் வெங்காயம் உரித்தவர் செபஸ்தியான்தான். வார நாளில் பிரிஸ்கில்லா சாம்பார், ரசத்தோடு நிறுத்திக்கொள்வாள். அவள் கறிச்சட்டியைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

ஞாயிறானால் நத்தத்திலிருந்து மச்சினன் ராபின் குடும்பத்தோடு வந்துவிடுவான். மறக்காமல் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயும் கொண்டுவருவான், பாசக்காரப் பயல். மச்சான் குழம்புக்கு ஈடு உண்டா என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவான். செபஸ்தியானுக்குக் கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு ஞாயிறாவது காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. அந்த ஆசைதான் இப்போது சிடியோடு பாய் கடைக்கு இழுத்து வந்தது.

பாய் சிடியில் பல் பேஸ்ட்டைத் தடவிப் பதமாகத் தேய்த்துத் துடைத்தார். இதில் இருக்கிற ஃபைல் பழைய தினுசு, அப்படியே டிவிடியில் ஏறாது, மாற்றித்தான் ரைட் பண்ண வேண்டும் என்றார். சின்னப் படத்தை இழுத்துப் பெரிசாக்குவதால் முகமெல்லாம் கொஞ்சம் உப்பித் தெரியும், கோவிச்சுக்கக் கூடாது என்றும் சொன்னார். கம்ப்யூட்டரில் காப்பி ஏறுவது நின்று நின்று நகர்ந்தது. செபஸ்தியான் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

மாதா கைவிடவில்லை. உப்பிய கன்னத்தோடு இளவட்ட செபஸ்தியான் திரையில் மைக்கைப் பிடித்தார்.

"வந்த எல்லாருக்கும் நன்றி. இருந்து சாப்ட்டுப் போங்க."

அம்புட்டுதான். சமையலும் இல்லை, சத்தியமும் இல்லை. செபஸ்தியான் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருடமும் தன் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்கக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் பொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ராபின் குடும்பத்தை உட்காரவைத்து டிவிடியைப் போட்டார். நன்றியுரை முடிந்ததும் படத்தை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். பிரிஸ்கில்லா கொஞ்சமும் அசரவில்லை.

"வாரத்துல ஒரு நாளாச்சும் ஒக்காந்து திங்கணும்னு ஆசையா இருந்துச்சு. சொன்னேன். நீங்களும் நம்புனீங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கறிப்பையோடு அடுப்படிக்குப் போனாள். செபஸ்தியான் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பேப்பரை விரித்தார். அன்றைக்கு அவர் உட்கார்ந்த தோரணை, மில் முதலாளிக்குக்கூட வராது.

சோறு போட்டதும் ராபின் ஒரு வாய் வைத்தான். தலை நிமிராமல் சோறு வாங்கிக்கொண்டே இருந்தான். பிள்ளைகள் தட்டை வழித்து நக்கினார்கள். கடைசியில் ராபின் அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏக்கா, இப்பேர்ப்பட்ட கைய வச்சுக்கிட்டு இம்புட்டு வருசமா எங்கள மச்சான் கையில விட்டுட்டியே?"

செபஸ்தியானும் சாப்பிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு குழம்பை அவர் ஆயுசில் தின்றதில்லை. வயிறு நிறைந்தது, மனசு எரிந்தது. இனிமேல் கறிச்சட்டிப் பக்கம் மச்சானை விடவே கூடாது என்று ராபின் தீர்ப்பு வேறு சொல்லிவிட்டான். எத்தனை ஆசையாக அந்த அடுப்படியை ஆண்டுகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் மனுசனுக்கு உறைத்தது. காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது.

மறுநாள் பாய் கடை திறக்கும்போது வாசலில் செபஸ்தியான் நின்றிருந்தார். டிவிடி ஓடவில்லையா என்று பாய் பதறினார். அதெல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, செபஸ்தியான் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், ஞாயித்துக்கெழமைக் கறி நாந்தான் சமைப்பேன்னு அந்த நன்றியுரையில ஒரு வார்த்த சேத்துவிட முடியுமா?"