மலையடிவாரத்தில் புது நகரம்

"ஊரே காலி பண்ணிருச்சு. ஒரு பொம்பளை மட்டும் நிலத்தை விட்டுப் போக மாட்டேன்னு நிக்குதாம்."

செல்போனைக் கீழே வைத்துவிட்டு, தட்டில் கை வைக்காமலேயே உட்கார்ந்திருந்தார் தங்கபாண்டியன். போடியில் ஏலக்காய் வியாபாரி. விலை சரிந்த நாளில்கூடச் சோற்றில் குறை வைக்காத மனிதர். எதிரே குழம்புச் சட்டியோடு நின்ற மனைவி ராஜாத்திக்குச் சுருக்கென்றது.

"யாருங்க அது? எதுக்குக் காலி பண்ணணும்?"

"மலையடிவாரத்துல புதுசா ஒரு நகரமே கட்டுறாங்க. வெளிநாட்டுப் பணம். தெரிஞ்ச ஆளு ஒருத்தரு அங்க வேலை பாக்குறாரு, அவருதான் பேசுனாரு. அந்தம்மா நிலம் நட்ட நடுவுல கெடக்காம். புருஷன் இல்ல. மக்காச்சோளம் போட்டுப் பிழைக்குது."

ராஜாத்தி பிறந்தது பக்கத்து மலையடிவார ஊரான தேவாரம். அந்தப் பக்கம் யார் யாரோ காரில் வந்து நிலம் பார்த்துவிட்டுப் போவதாக அவள் அண்ணன் போன வாரம்தான் புலம்பியிருந்தார்.

"யானைக்கே பயப்படாத சனமாச்சே. அந்தம்மா சும்மாவா விட்டுச்சு?"

"எங்க விட்டுச்சு? யானை வந்தா தகரத்தைத் தட்டி வெரட்டுற பொம்பளையாம். 'யானை மிதிச்சா மறு வருஷம் வெதைச்சுக்குவேன், நீங்க மிதிச்சா எங்க போயி வெதைக்க?'ன்னு கேட்டுச்சாம்."

"நல்லாக் கேட்டுச்சு!" ராஜாத்திக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது. "ஊரு பேரு தெரியாத எவனோ வெளிநாட்டுக்காரன் துட்டைக் கொண்டாந்து கொட்டுவான், இருக்கிற சனம் எந்திரிச்சு ஓடணுமாக்கும்? அவனுக்குப் பொண்டாட்டி புள்ளைக இல்லையா?"

"இருக்கும்ல," என்றார் தங்கபாண்டியன் மெதுவாக.

"அந்தப் பாவிக்கு அவ எப்படித்தான் சோறு போடுறாளோ!"

தங்கபாண்டியன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ரோடு, ஆஸ்பத்திரின்னு ஊருக்கு நல்லது நடக்கும்னு அவனும் நம்பியிருப்பான் ராஜாத்தி."

"அதை அந்தம்மாகிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டானா? அது மூஞ்சியையாவது பாத்திருப்பானா?"

ராஜாத்தி சட்டியை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. வெரசா ஜீப்ப எடுங்க, போவோம். அந்தம்மாவுக்குத் துணையா நாம நாலு பேரு போயி நின்னா, அவன் என்ன செஞ்சிருவான்னு பாத்துருவோம்."

"அங்க ஜீப்புல போக முடியாது ராஜாத்தி."

"ஏன், அதுக்குள்ள ரோட்டை மறிச்சுட்டாங்களா?"

தங்கபாண்டியன் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அது ஆப்பிரிக்கா. துபாய்க் கூட்டாளிகளோட சேந்து அந்த நகரத்துல பணம் போட்டேன். அந்த வெளிநாட்டுக்காரன் நான்தான்."