புருவம் பேசக் கூடாது

"புருவத்தைத் தூக்காதீங்க சார். ஊசியைத் தப்பா மாட்டிட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் ஆபரேட்டர்.

மெக்கானிக் சட்டென்று புருவத்தை இறக்கினான். மூலையில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி அதற்குள் ஏதோ எழுதிக்கொண்டுவிட்டார்.

"நான் வாயே திறக்கல மேடம்" என்றான் அவரிடம்.

"வாய் திறக்கல. அது வரைக்கும் சரி" என்றார் அதிகாரி, நிமிராமலே.

பதினைந்து வருடமாகத் தையல் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன் அவன். பயிற்றுநர், மதிப்பீட்டாளர் என்ற சான்றிதழ் கையில் வந்தால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டுத் தொழிற்சாலையின் பயிற்சிக்கூடத்துக்கு மாறிவிடலாம். இது மூன்றாவது முயற்சி. நான்காவது கிடையாது.

முதல் தடவை, அவன் மதிப்பிட வேண்டிய ஆள் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் திருப்புளியைப் பிடுங்கித் தானே வேலையை முடித்துக் கொடுத்தான். இரண்டாம் தடவை கையைக் கட்டிக்கொண்டான். ஆனால் தப்பு நடக்கும்போதெல்லாம் இருமினான். "சளிக்கு மருந்து சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார் இதே அதிகாரி.

இன்றைய வேலை சின்னதுதான். ஆபரேட்டர் இயந்திரத்தை அணைத்து, பழைய ஊசியைக் கழற்றி, புதியதை அதன் நீளப் பள்ளம் இடது பக்கம் வரும்படி மாட்டி, நூல் கோத்து, துண்டுத் துணியில் தைத்துக் காட்ட வேண்டும். அவன் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். உதவி கூடாது, ஜாடை கூடாது. அவள் தேறினாலும் தேறாவிட்டாலும் அவனுக்கு நஷ்டமில்லை. அவன் எழுதும் முடிவு சரியாக இருந்தால் போதும்.

"அம்மா, என் முகத்தைப் பார்க்காதீங்க. மெஷினைப் பாருங்க."

"இஞ்சி தின்ன குரங்கு மாதிரி எதிர்லயே நின்னா வேற எங்க சார் பார்க்கறது?"

அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். மெக்கானிக் பல்லைக் கடித்தான்.

"லைன்ல ஊசி உடைஞ்சா நீங்கதான் ஓடி வந்து மாத்துவீங்க. எங்களைத் தொட விட்டிருக்கீங்களா? இப்ப மட்டும் மாத்துன்னா?"

"கேள்வி கேக்கறது என் வேலைம்மா."

"பதில் சொல்றதுதான் உங்களுக்கு ஆகாதே."

அவள் மறுபடியும் ஊசியைக் கழற்றத் திருகாணியைத் தேடினாள். வலது பக்கம் கை போனது. அவனுடைய மூக்கு விடைத்தது. உடனே அவள் கை இடது பக்கம் வந்தது.

இதென்ன கொடுமை என்று அவன் அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். சுவரில் தீயணைப்புக் கருவியின் படம் மட்டும் இருந்தது. அதனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் முறைக்கலாம்.

"மெக்கானிக், சுவத்துக்கா மார்க் போடப் போறீங்க?" என்று கேட்டது அதிகாரியின் குரல்.

திரும்பினான். தப்பாக மாட்டிய ஊசியோடு தைத்துப் பார்க்கப் போட்ட சுவிட்சை அவள் அணைக்கவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரல் ஊசிக்கு நேர் கீழே, கால் பெடல்மேல்.

"விரலை எடு!"

பாய்ந்து சுவிட்சை அடித்தான். இயந்திரம் அடங்கியது. அவள் இரண்டு கைகளையும் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறையும் போச்சு என்று நினைத்தான் அவன். அதிகாரி கையமர்த்தினார்.

"ஆபத்துன்னா நிறுத்தத்தான் வேணும். அது உதவி இல்ல, கடமை. இப்ப முடிவை எழுதுங்க."

பேனா கனத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தாளில் அவள் தேறினால் அவளுக்கும் ஒரு படி சம்பளம் உயரும். இந்த முறை மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதினான்: 'இன்னும் தேர்ச்சி பெறவில்லை.'

"ஃபெயிலா?" என்றாள்.

"ஃபெயில்னு சொல்லக் கூடாதும்மா. இன்னும் வரலைன்னுதான் சொல்லணும்."

"ஓஹோ! ஒரு நாளைக்கு எண்ணூறு காலர் தைக்கிறேன். எனக்கு இன்னும் வரல?"

"சுவிட்சை அணைக்காம ஊசியில கை வெச்சா காலர் தைக்க விரல் இருக்காது."

"நல்லா சொன்னீங்க. ரொம்ப நல்லா சொன்னீங்க."

அதிகாரி எழுந்து வந்து தாளை வாங்கிப் படித்தார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு தடவை மனசு இளகிக் கெடுத்தீங்க. இன்னைக்குத் தாட்சண்யம் பார்க்கல. முடிவு சரி. சான்றிதழுக்குச் சிபாரிசு பண்றேன்."

மெக்கானிக்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதிகாரி கையெழுத்துப் போடக் குனிந்தபடியே ஆபரேட்டரிடம் சொன்னார்:

"இந்த முடிவு தப்புன்னு தோணுச்சுன்னா நீங்க மேல்முறையீடு பண்ணலாம்மா. மொதல்ல மதிப்பிட்டவர்கிட்டயே சொல்லணும்."

"இவர்கிட்டயா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தானே மேடம் பண்ணிக்கிட்டிருக்கேன்!"

பேனா பாதிக் கையெழுத்தில் நின்றது.

"சொந்தக்காரங்களை மதிப்பிடக் கூடாதுன்னு முதல் பாடத்துலயே இருக்கே!" என்றார் அதிகாரி.

"வேற யாருமே வரமாட்டேன்னுட்டாங்க மேடம்" என்றான் மெக்கானிக். "இவளே நாலு நாள் கெஞ்சினப்புறம்தான் வந்தா."