பக்கத்துக் கட்டிலுக்கு மாம்பழம்

டாக்டரம்மா பிரகதாம்பாள் வாயைத் திறந்தால், ஆஸ்பத்திரி வேப்பமரத்துக் காக்காய்கள் கிளம்பித் திருமயம் கோட்டையில் போய்த்தான் இறங்கும். நம்பாதவர்கள் காக்காயைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வாய் அன்றைக்கு விடிந்ததும் செவந்தியின் மேல் திறந்தது. டைபாய்டில் கிடந்த மகன் மலையாண்டி பசி பசி என்று அழுதானே என்று, அவனுக்கு ஒரு முறுக்கை ஒளித்துக் கொடுத்துவிட்டாள்.

"நான் ஊசி போட்டுப் பொழைக்க வைக்கிறேன். நீ முறுக்குக் குடுத்துக் கொல்லப் பாக்குறியா? குடலு ஓட்டையாப் போயிரும். அறிவு இருக்கா ஒனக்கு?"

வார்டே திரும்பிப் பார்த்தது. செவந்தியின் மானம் அவள் ஊர் குடுமியான்மலை வரைக்கும் போய்வந்தது.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. அதே டாக்டரம்மா பக்கத்துக் கட்டிலில் போய் உட்கார்ந்து, சொர்ணவல்லி என்கிற சின்னப் பெண்ணுக்கு மாம்பழம் நறுக்கி, மெல்லக் கொஞ்சிக்கொண்டே தன் கையால் ஊட்டினார். அப்படியொரு குரல் அவரிடம் இருப்பதே செவந்திக்கு அப்போதுதான் தெரியும்.

டாக்டரம்மா அங்கிட்டு நகர்ந்ததும், அந்தப் பெண்ணின் அப்பா வெள்ளைச்சாமியை வராந்தாவில் மடக்கினாள்.

"ஏண்ணே, டாக்டரம்மா ஒங்களுக்குச் சொந்தமா? ஒங்க புள்ளைக்கு மாம்பழம், எம்புள்ளைக்கு வசவா? பெரிய டாக்டர்கிட்டச் சொல்லத்தான் போறேன்."

வெள்ளைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முந்தி தங்களுக்கும் வேளை தவறாமல் வசவுதான் என்றார். போன வாரம் அது நின்றுபோனது. டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரத்தத்தில் நோய் முற்றிவிட்டது, இனி மருந்து கேட்காது என்று சொல்லிவிட்டார்.

"எம்மக கேட்டுட்டா தாயி, நான் செத்துப்போயிருவேனான்னு. நான் அவ வாயைப் பொத்தப் போனேன். டாக்டரம்மா என் கையை விலக்கிட்டு, 'ஆமா கண்ணு. ஆனா வலிக்க விடமாட்டேன். அப்பா பக்கத்துலயே இருப்பாரு, நானும் வருவேன்'னாங்க. பயந்து பயந்து முழிச்சுக் கெடந்த புள்ளை, அன்னைக்குத்தான் தூங்குச்சு. மறுநா எந்திரிச்சு மாம்பழம் வேணும்னா."

செவந்தி போய் மகன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். மலையாண்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பேசவில்லை. நாடியைப் பிடித்தார். பேசவில்லை. மெல்ல ஸ்டூலை இழுத்தார்.

செவந்தி மகனை வாரி இறுக்கிக்கொண்டாள்.

"ஸ்டூலை எதுக்கு நடுவழியில போட்டு வெச்சிருக்கே? கஞ்சி ஏன் பாதி அப்படியே இருக்கு? காய்ச்சல் விட்ட புள்ளைக்குத் தெம்பு எங்கேருந்து வரும், ஆகாசத்துலேருந்தா?"

செவந்தி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"திட்டுங்க ஆத்தா. இன்னும் நல்லாத் திட்டுங்க."