இரண்டு வாளித் தண்ணீர்

“இன்னைக்கும் லேட்டா, தெம்வா? எடு வாளிய!” பல்லைக் கடித்தார் சாவுலா டீச்சர். தாமதமாக வந்தால், வகுப்புக்குப் பக்கத்திலிருந்த மாங்கன்றுக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றவேண்டும். ம்சிம்பா ஊரின் அக்டோபர் கோடை வெயிலில் அது பெரிய தண்டனைதான். பத்து நாளாகியும் இந்தப் பெண்ணுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் டீச்சர் சீக்கிரமே வந்தபோது, கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் தெம்வா பதுங்கியிருந்தாள்.

“நேரத்துக்கு வந்துட்டு ஏண்டி ஒளிஞ்சிருக்க?”

“மணி அடிக்கட்டும்னுதான் டீச்சர். லேட்டா வந்தாத்தானே வாளி தருவீங்க? தண்ணி இல்லேன்னா கன்னு காஞ்சிடும்.”

“காஞ்சா உனக்கென்னடி?”

“நம்ம கிளாசுக்குக் கூரை வர்றதுக்குள்ள இது வளந்து நிழல் குடுத்துடும் டீச்சர்.”

வெட்டவெளியில் நின்ற கரும்பலகையைப் பார்த்தார் டீச்சர்.

அடுத்த நாள் மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து, கையில் இரண்டு வாளியோடு வந்தார்.

“இன்னைக்கு நானும் லேட்டுடி, வா!”